ஐந்தாவது ஜாமீன்

டிபட் துறை, மேய்ன்
1997 ஏப்ரல் 9

அன்புத் தம்பி ரோலண்டுக்கு,

அக்கா நலம். உன் அத்தான் லோவெலும், முதுகைத் தவிர்த்துப் பார்த்தால், நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "பரவாயில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்புவாய். இந்த முறை இரண்டு வரியாவது எழுது.

போன மாதம் அனுப்பிய கம்பளிக் காலுறைகள் திரும்பி வந்துவிட்டன. வெளியிலிருந்து துணி எதுவும் சிறைக்குள் வரக்கூடாதாம். அதனால் உன் கேன்டீன் கணக்கில் இருபது டாலர் கட்டியிருக்கிறேன். அங்கேயே ஒரு ஜோடி வாங்கிக்கொள். இங்கே பனி இன்னும் முழுசாகக் கரையவில்லை. பள்ளிப் பேருந்தோடு மேட்டு வளைவில் இறங்கும்போது இன்றைக்கும் சக்கரம் வழுக்கியது. பின்னால் பதினெட்டுப் பிள்ளைகளும் குஷியில் கூச்சல் போட்டார்கள். எனக்குத்தான் கை வேர்த்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா நம் இருவர் பேரிலும் சரிபாதியாக எழுதி வைத்த டிபட் முனையை இனி என்னால் வைத்துக்கொள்ள முடியாது. கடலோர நிலங்களுக்கு ஊரில் மூன்றாம் முறையாக வரியை ஏற்றிவிட்டார்கள். நான் பேருந்து ஓட்டிச் சம்பாதிப்பதில் பாதி, அந்த நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் கல்லுக்கும் ஊசியிலை மரத்துக்கும் போகிறது. முதுகு வலியால் லோவெல் கடலுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. கூரை ஒழுகுகிறது. விற்றுத்தான் ஆக வேண்டும். நாம் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அது முடியும்.

கேட்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாசசூசெட்ஸிலிருந்து வரும் கெண்டல். நான்கு லட்சத்து முப்பதாயிரம் டாலர் தருகிறேன் என்கிறார், முழுப் பணமும் ஒரே காசோலையாக. பதினாறு வீடுகள் கட்டப்போகிறாராம். வரைபடத்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினார். தெற்கே வீடுகள். வடகரையில் படகு கட்டும் மேடை, பக்கத்தில் டென்னிஸ் ஆட ஓர் இடம். வடகரை இருந்த மூலையில் காப்பிக் கோப்பையை வைத்து மறைத்துக்கொண்டு மற்றதைப் பார்த்தேன்.

இன்னொருவர் நம் ஊர் நில அறக்கட்டளை. தபால் நிலையத்தில் இருந்த ஜூடித்தை நினைவிருக்கும், இப்போது அவர்தான் அதை நடத்துகிறார். அவர்கள் வாங்கினால் அந்த முனையில் எக்காலத்திலும் எவரும் எதுவும் கட்ட முடியாது. மட்டிச் சிப்பி தோண்டுகிறவர்கள் இப்போது போலவே நம் பாதை வழியாகச் சேற்றுக்கு இறங்கலாம். ஆனால் அவர்களால் தர முடிவது மூன்று லட்சத்து இருபதாயிரம்தான். அதிலும் கையில் இருப்பது எண்பதாயிரம். மீதியைப் பாஸ்டனில் உள்ள ஒரு நிதியிடம் கடன் வாங்கப் போகிறார்கள். இதுபோன்ற அறக்கட்டளைகளுக்கு, நிலம் கைமாறிப் போவதற்குள் வாங்கிக்கொள்வதற்காகவே கடன் தருகிற நிதியாம் அது. நன்கொடை, அரசு மானியம் எல்லாம் மெதுவாகத்தான் வரும், நிலம் விற்கிறவர் அதுவரை காத்திருக்க மாட்டார், அதற்குத்தான் இந்தக் கடன் என்றார் ஜூடித். மூன்று வருடத்தில் திருப்பிக் கட்ட வேண்டும்.

கடன் ஏற்பாடு செய்ய ஜூன் முப்பது வரை அவகாசம் கேட்கிறார்கள். அதுவரை வேறு யாருக்கும் விற்க மாட்டோம் என்று நாம் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளைத்தான் இதோடு வைத்திருக்கிறேன்.

லோவெலுக்கு இதில் சம்மதமில்லை. "பறவைங்க கிட்ட வாடகை வசூல் பண்ண முடியாது ஏவிஸ்" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். உன் பங்கில் மட்டும் ஐம்பத்தைந்தாயிரம் குறையும். நீ வெளியே வரும்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். படகோட்டும் உரிமம் இருக்காது. அந்தப் பணம் உனக்கு எவ்வளவு தேவைப்படும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இருந்தும் கையெழுத்துப் போடு என்று கேட்கிறேன். ஏன் என்று யாராவது கேட்டால் மட்டி தோண்டுகிறவர்களுக்காக என்று சொல்கிறேன். முழுக் காரணம் உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை உனக்கு முன் வேறொருவர் பிரித்துப் படிப்பார் என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

தபால் பெட்டியைப் பார்த்தபடி இருக்கும்,
அக்கா ஏவிஸ்



டிபட் துறை
1997 மே 4

அன்புத் தம்பி ரோலண்டுக்கு,

நீ கையெழுத்திட்டு அனுப்பிய தாள் வந்து சேர்ந்தது. கூட ஒரு வரியும் எழுதாமல் அனுப்பியிருக்கிறாய். பரவாயில்லை, கையெழுத்தே போதும்.

கடன் தரும் நிதியிலிருந்து ஆலன் புரூவர் என்றொருவர் வந்தார். அன்றைக்கென்று பார்த்து மழை. ஜூடித்தும் நானும் அவரை முனை முழுவதும் நடத்திக்கொண்டு போனோம். ஜூடித் கழுகுக் கூட்டைக் காட்டினார், வாத்துகள் குஞ்சு பொரிக்கும் சேற்றைக் காட்டினார். அந்த மனிதர் மரியாதையாகத் தலையசைத்தாரே தவிர, கேட்டதெல்லாம் வேறு. ஊரில் எத்தனை குடும்பம்? போன வருடம் அறக்கட்டளைக்கு எத்தனை பேர் பணம் கொடுத்தார்கள்? மானியம் வராமல் போனால் யார் கட்டுவார்கள்? நிலத்தைப் பார்க்க வந்தவர் நிலத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஈரக் காலுறையைக் கழற்றி அடுப்படியில் காயவைத்துக்கொண்டே சொன்னார்: "நிலம் நல்ல நிலம், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கடன் குடுக்கிறது நிலத்துக்கு இல்லீங்களே, மனுசங்களுக்கு."

முடிவாக அவர் சொன்ன நிபந்தனை இது. ஊரைச் சேர்ந்த ஐந்து பேர், ஆளுக்கு இருபதாயிரத்துக்கு ஜாமீன் நிற்க வேண்டும். அறக்கட்டளையால் கட்ட முடியாமல் போனால் அந்த ஐந்து பேர் கட்ட வேண்டும். ஊர் இதன் பின்னால் நிற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

ஜூடித் என் சமையலறையிலேயே உட்கார்ந்து பட்டியல் போட்டார். முதலில் எழுதிய பெயர் ஹார்லன் கேட்ஸ்.

ரோலண்ட், அந்தப் பெயரை நான் உனக்கு மூன்று வருடமாக எழுதியதில்லை. இப்போது எழுதாமல் முடியாது. அறக்கட்டளை தொடங்கிய நாளிலிருந்து அவர் அதில் இருக்கிறார். தன் உப்பங்கழி நிலத்தை அதற்கு இலவசமாகக் கொடுத்தவர் அவர். மற்ற நான்கு பேர் சம்மதித்துவிட்டார்கள், ஆனால் அந்த நால்வரில் மூவர் அவருடைய படகுத்துறையில்தான் சிங்கி இறால் இறக்குகிறார்கள். அவர் போட்டால் போடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூடித்தே அவரிடம் போனார். துறையில் உட்கார்ந்து மிதவைகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாராம். ஜூடித் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை தூரிகையை நிறுத்தவே இல்லையாம். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"இந்தப் பணம் யார் கைக்குப் போகுது?"

பாதி ஏவிஸுக்கு, பாதி ரோலண்டுக்கு என்று ஜூடித் சொல்லியிருக்கிறார். வேறு என்ன சொல்ல முடியும்? ஹார்லன் தூரிகையை டப்பாவுக்குள் வைத்தாராம்.

"என் மகனைக் கடல்ல விட்டுட்டு நீந்திக் கரையேறினவனுக்கு நான் ஜாமீன் நிக்கணுமா? நீங்க கிளம்புங்க ஜூடித்."

நேதனைப் பற்றி நீதிமன்றத்தில் பேசியதற்குப் பிறகு நாம் பேசியதே இல்லை. இப்போதும் பேச வேண்டாம். நீ குடித்திருந்தாய் என்பதும், படகு உன் கையில் இருந்தது என்பதும், அவன் உன்னிடம் கூலிக்கு வேலை பார்த்த இருபத்து மூன்று வயதுப் பையன் என்பதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாம் நாள் வடகரையில் அவன் உடல் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தது நான்தான் என்பதும் உனக்குத் தெரியும்.

இன்னொன்று. கெண்டல் உன்னை வந்து பார்த்தாராமே? லோவெலிடம் அவரே சொன்னார். ஜூன் முப்பது தாண்டினால் ஒப்பந்தம் செத்துவிடும், ஜூலை ஒன்றாம் தேதி நான்கு லட்சத்து ஐம்பதாயிரத்துக்குக் காசோலையோடு வருவேன், ரோலண்ட் மறுப்புச் சொல்லவில்லை என்றார். நீ என்ன சொன்னாய்? கோபப்படாமல்தான் கேட்கிறேன். எதுவாக இருந்தாலும் என்னிடம் நேராகச் சொல்.

சாப்பாட்டை மிச்சம் வைக்காதே. போன முறை பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது.

பதில் எழுதுவாய் என்ற நம்பிக்கையில்,
ஏவிஸ்



டிபட் துறை
1997 ஜூன் 2

ரோலண்டுக்கு,

உன் பதிவுத் தபாலை வாங்கிக்கொண்டு, தபால் நிலையத்து வாசலில் வண்டிக்குள்ளேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பிள்ளைகளை ஏற்றப் போகத் தாமதமாகிவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

உன் பாதியை அறக்கட்டளைக்குத் தானமாக எழுதி, நோட்டரி முத்திரையும் வைத்து அனுப்பியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? வெளியே வந்து எதை வைத்துப் பிழைப்பாய்? என் வீட்டு மாடி அறை உனக்கு எப்போதும் உண்டு, அது வேறு. ஒரு மனிதனுக்குத் தன் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா? உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டும் இருப்பேன்.

ஜூடித்திடம் காட்டினேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. இனி என் பாதிக்கு மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் தந்தால் போதும், கையில் இருக்கும் எண்பதாயிரம் போக எண்பதாயிரம்தான் கடன். பாஸ்டனுக்குத் தொலைபேசியில் பேசினார். அவ்வளவுதான் கடன் என்றால் இரண்டு ஜாமீன் போதும் என்று ஆலன் புரூவரும் ஒப்புக்கொண்டார். அன்று மாலை எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. ஜூடித் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு கொண்டு வந்தார். லோவெல்கூடத் தன் பங்குக்குச் சிரித்தார்.

மறுநாள் ஜூடித் ஒரு காரியம் செய்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஹார்லனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, நீ தானம் கொடுத்ததைப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவருடைய வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக வருகிறார். நாம் சின்ன வயதில் மாமா என்று கூப்பிட்ட மனிதர், அப்பாவின் படகுக்குப் பக்கத்தில் தன் படகைக் கட்டிய மனிதர், படியேற மாட்டேன் என்று வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். ரொம்ப மெலிந்துவிட்டார். நான் மாவுக் கையோடு வெளியே போனேன்.

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் பையனுக்கு விலை பேசி முடிச்சுட்டானா உன் தம்பி? அம்பத்தாறு ஏக்கர்னு கணக்குப் போட்டுட்டானா?"

அப்படி இல்லை என்றேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

"வருசா வருசம் இந்தச் சங்கத்துக் கூட்டத்துல நான் உக்காரணும். நிலம் தானம் குடுத்தவங்க பேரு வாசிக்கிறப்ப அவன் பேரும் வாசிப்பாங்க. எல்லாரும் கைதட்டுவாங்க. நானும் தட்டணுமா ஏவிஸ்?"

 மனதில் பட்டதைச் சொன்னேன்: "அவன் உங்களுக்குக் குடுக்கல. என்ன செய்யறதுன்னு தெரியாம குடுக்கிறான்."

அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். அறக்கட்டளை உன் தானத்தை ஏற்றால், தாம் அதிலிருந்து விலகுவதாகவும், ஏன் விலகினேன் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்லப்போவதாகவும் ஜூடித்திடம் சொல்லச் சொன்னார்.

மறுநாளே ஜாமீன் நிற்பதாகச் சொன்ன இரண்டு பேரும் ஜூடித்துக்குத் தொலைபேசி செய்து பின்வாங்கிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, அவருடைய துறையில்தான் அவர்கள் பிழைப்பு. ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றால் எண்பது டாலர்கூடத் தர முடியாது என்று பாஸ்டனிலிருந்து பதில் வந்துவிட்டது. கெண்டல் நேற்று அளவை ஆட்களைக் கூட்டி வந்து, சாலையில் நின்றபடியே வேலிக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ நல்லது செய்யத்தான் நினைத்தாய். எனக்குத் தெரியும். ஆனால் சில பேருக்கு நாம் நல்லதும் செய்ய முடியாது ரோலண்ட், அந்த உரிமையும் நமக்குப் போய்விட்டது. உன் தானப் பத்திரத்தின் அசல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஜூடித்துக்கு நகல்தான் காட்டினேன். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை. இருபத்தெட்டு நாள் இருக்கிறது.

உன்னைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள்.

அக்கா



டிபட் துறை
1997 ஜூன் 16

அன்புத் தம்பி ரோலண்டுக்கு,

இதோடு ஒரு பத்திரம் வைத்திருக்கிறேன். கடைசிவரை படித்துவிட்டு முடிவெடு. தயவுசெய்து முதலில் படி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடல் உள்வாங்கியிருந்த நேரம், காலை ஏழரை இருக்கும், வடகரைக்குப் போனேன். ஹார்லன் அங்கே இருப்பார் என்று தெரிந்துதான் போனேன். ஞாயிறுதோறும் அவர் வண்டி நம் கேட் அருகே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் வருவார் என்பதற்காகவே கேட்டைப் பூட்டுவதில்லை. அவருக்கும் அது தெரியும். ஒரு நாளும் நாங்கள் எதிர்ப்பட்டதில்லை.

கரையொதுங்கிய ஒரு பெரிய மரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். போ என்று சொல்லவில்லை. மூடுபனி மெதுவாக விலகிக்கொண்டிருந்தது. தூரத்தில் இரண்டு பேர் மட்டி தோண்டும் சத்தம் கேட்டது. கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எந்த இடம்? சரியா எந்த இடத்துல கிடந்தான்?"

நீதிமன்றத்தில் சொன்னேனே என்றேன்.

"நீ சொன்னப்ப நான் காதைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் யார்கிட்டயும் கேக்க வாய் வரல. மூணு வருசமா இங்கதான் இருக்கும்னு நானா ஒரு இடத்தைப் பிடிச்சு உக்காந்துட்டிருக்கேன்."

ரோலண்ட், அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது நாற்பதடி தள்ளி. சிவப்புப் பாறைக்குக் கீழே, கூழாங்கல் சரிகிற இடம். நான் நடந்து போய் அங்கே நின்றேன். எழுந்து வந்தார். எப்படிக் கிடந்தான் என்று கேட்டார். ஒருக்களித்து, முகம் கரைப் பக்கம் திரும்பி, ஒரு கையில் கையுறையோடு. எல்லாவற்றையும் சொன்னேன். என் மேல்கோட்டைக் கழற்றிப் போர்த்தியதையும், ஆட்கள் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அதை நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவும் இல்லை.

"தனியா இல்லையே அப்ப" என்றார்.

"இல்ல மாமா."

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் அந்தக் கற்கள்மேல் மெதுவாக உட்கார்ந்தார். அழுதார் என்று எழுத மாட்டேன். அது அவருடையது.

கடல் ஏறத் தொடங்கியபோது பேசினார். நான் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தையையும் மெத்தென்று மாற்றவில்லை.

"இந்த இடத்துல எவனும் பந்து விளையாடக் கூடாது. அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். ஆனா இனாம் கினாம் எனக்கு வேணாம். முழு விலை. அவன் பங்கையும் சேத்து, சல்லிக்காசு குறையாம. விலை குடுத்து வாங்கினா அவனுக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. இனாமா வாங்கினா நான் சாகிறவரைக்கும் அவனுக்கு நன்றி சொல்லணும். அது என்னால ஆகாது."

அவன் வாங்க மாட்டானே என்றேன்.

"வாங்கித்தான் ஆகணும்னு சொல்லு. எதையாவது குடுத்துட்டு லேசாப் படுத்துத் தூங்கலாம்னு பாக்கறான். அது நடக்காது. பணத்தை வாங்கிக்கட்டும். வெளிய வந்து சோத்துக்கு இல்லாம இந்த ஊர்ல அவன் அலையறதையும் நான் பாக்க வேண்டாம்."

இவ்வளவுதான். உன்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று நீயும் எதிர்பார்க்காதே. ஆனால் யோசித்துப் பார். அவர் கையெழுத்துப் போட்டால் அறக்கட்டளையின் கடன் மறுபடி இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகிறது. அதில் சரிபாதிக்கு மேல் உனக்குப் போகிற பணம். கடன் கட்ட முடியாமல் போனால் அவர் தன் துறையை விற்று இருபதாயிரம் கட்ட வேண்டும். அறுபத்தாறு வயதில். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறார்.

வைத்திருப்பது விற்பனைப் பத்திரம். உன் பாதியை விலைக்கு விற்கிறாய் என்று எழுதியிருக்கிறது. தானப் பத்திரத்தை நான் அடுப்பில் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் செய்தேன், நீயும் என்னைக் கேட்காமல்தான் எழுதினாய். சரிக்குச் சரி.

நோட்டரி முன் கையெழுத்திட்டு, ஜூன் இருபத்தெட்டுக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி அனுப்பு. பணம் வேண்டாம் என்று உனக்குத் தோன்றும். உனக்குக் கூசும். கூசட்டும். கூசிக்கொண்டே கையெழுத்துப் போடு. அவருக்குக் கடிதம் எழுதாதே. நன்றி, மன்னிப்பு எதுவும் வேண்டாம். அவர் கேட்டது ஒன்றுதான், அதை மட்டும் செய்.

நான் உன்னிடம் அதிகம் கேட்டதில்லை ரோலண்ட்.

உன் அக்கா,
ஏவிஸ்



டிபட் துறை
1997 ஜூலை 6

அன்புத் தம்பி ரோலண்டுக்கு,

உன் பத்திரம் இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் உறையைக் கொடுத்துவிட்டு, "என்னக்கா, மூச்சு விடுங்க" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு நூலகத்து அறையில் எல்லோரும் கூடினோம். ஆலன் புரூவர் வந்திருந்தார். ஜாமீன் தாளை அவர் வரிவரியாகப் படித்து விளக்கத் தொடங்கினார். கட்ட முடியாமல் போனால் என்ன, மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தால் என்ன என்று. ஹார்லன் பாதியிலேயே, "படிச்சுட்டேன் தம்பி, பேனாவைக் குடுங்க" என்றார். அவர் போட்டதும் மற்ற நால்வரும் போட்டார்கள். அறையில் பேனா கீறும் சத்தம்தான்.

அதற்குப் பிறகு விற்பனைப் பத்திரம் மேசையைச் சுற்றி வந்தது. ஹார்லன் அதில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் தன் பக்கம் வந்ததும் நிறுத்தி, தாளைப் புரட்டி, உன் கையெழுத்து இருந்த பக்கத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.  லோவெல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கை நடுங்கியிருக்கு" என்றார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. பிறகு தாளை அடுத்தவர் பக்கம் நகர்த்தினார். அவ்வளவே நடந்தது. ஒன்றும் விடாமல் உனக்குச் சொல்கிறேன்.

பதினொன்றரைக்கு முனை அறக்கட்டளையுடையதாகிவிட்டது. உன் பங்கு உன் பேரில் வங்கியில் இருக்கிறது, ரசீதை வைத்திருக்கிறேன். கெண்டல் ஜூலை ஒன்றாம் தேதி தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். அடுத்த ஊரில் ஒரு முனையைப் பார்த்திருக்கிறாராம்.

கடன் இனிமேல்தான் இருக்கிறது. நேற்றுச் சனிக்கிழமை ஜூடித் ஊர்க் கூடத்தில் பீன்ஸ் விருந்து வைத்துப் பணம் திரட்டினார். அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர் சேர்ந்தது. லோவெல் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் முந்நூத்தித் தொண்ணூறு தடவை பீன்ஸ் தின்னா கடன் அடைஞ்சிடும்" என்றார். கூடமே சிரித்தது. முதுகு வலியோடு கடைசிவரை நின்று பாத்திரம் கழுவியதும் அவர்தான். மானியத்துக்கான பதில் அக்டோபரில் வருமாம். வந்தால் பாதி பாரம் இறங்கும். வராவிட்டால் என்ன என்று இப்போதைக்கு யாரும் பேசுவதில்லை. ஹார்லன் விருந்துக்கு வந்தார், சாப்பிட்டார், எனக்குத் தலையசைத்தார். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு வருடம் நான்கு மாதம். வெளியே வந்து எங்கே போவாய் என்று நான் கேட்கப் போவதில்லை. பணம் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம். எந்த ஊரானாலும் கடவுள் உன்னோடு வரட்டும். ஆனால் முதல் நாள் நான்தான் வந்து உன்னை அழைத்துப்போவேன், முதல் சாப்பாடு என் வீட்டில். நம் வீட்டுக்கு ஹார்லனின் துறையைத் தாண்டித்தான் வர வேண்டும், வேறு சாலை இல்லை. அந்த இடம் வரும்போது தலையைக் குனிந்துகொள்ளாதே, ஜன்னலை ஏற்றிவிடவும் சொல்லாதே. நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உனக்காக நாளெண்ணிக்கொண்டிருக்கும்,
அக்கா ஏவிஸ்